ஜெர்மனிக்கு நிறுவனம் அனுப்புகிறது; சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால் தனியாக மருத்துவக் காப்பீடு தேவையில்லையா?

கட்டாயம் தேவை. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் குடும்பத்தோடு செல்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் சென்றேன்.

இந்திய-ஜெர்மன் ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. வருங்கால வைப்பு நிதி நிறுவனம் தரும் சான்றிதழைக் காட்டினால், 48 மாதங்கள் வரை அங்கே ஓய்வூதியச் சந்தா கட்ட வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீடு அந்த ஒப்பந்தத்துக்குள் வரவே இல்லை. 'சர்டிபிகேட் ஆஃப் கவரேஜ்' என்ற அந்தச் சான்றிதழின் பெயரில் உள்ள 'கவரேஜ்' என்ற சொல்லை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், நள்ளிரவில் மகளுக்கு மூச்சு இழுப்பு வந்தது. மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி காப்பீட்டு அட்டையைக் கேட்டார். ஒரு கையால் மகளை அணைத்தபடி, மறுகையால் அந்தச் சான்றிதழை நீட்டினேன். அவர் அதைப் படித்து, தாளைத் திருப்பி, ஒன்றும் எழுதியிராத பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "இது ஓய்வூதியத்துக்கானது" என்று சொல்லித் திருப்பித் தந்தார். சிகிச்சையை யாரும் மறுக்கவில்லை. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பில் என் பெயருக்கு வந்தது. நிறுவனம் எடுத்துத் தந்திருந்த பயணக் காப்பீடோ, இழுப்பு ஏற்கெனவே இருந்த நோய் என்று கூறிப் பணம் தர மறுத்துவிட்டது.

பாலிசியை முழுமையாகப் படிக்காதது என் தவறுதானே என்று சிலர் எழுதக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் புறப்படுமுன் மனிதவளத் துறையிடம் நான் நேரடியாகக் கேட்டேன்; "ஒப்பந்தம் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியவர்களுக்குப் பொறுப்பே இல்லையா? இன்றும் அந்த வரி தந்த கோபம் எனக்கு ஆறவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இடம் மாறிய நண்பர்கள் சொல்வதை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். அவர்களுக்கு 883/2004 என்ற ஐரோப்பிய ஒன்றியச் சமூகப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருக்கிறது. அனுப்பப்படும் ஊழியர் எஸ்1 படிவத்தோடு சென்றால், புதிய நாட்டின் மருத்துவ அமைப்பில் தம் நாட்டின் செலவிலேயே பதிந்துகொள்ளலாம். இந்தியாவிலிருந்து செல்பவருக்கு அப்படியொரு படிவம் கிடையாது.

ஆகவே, உங்கள் வேலை ஒப்பந்தம் யாரோடு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜெர்மன் நிறுவனத்தோடு என்றால் அங்குள்ள பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். வருமானமில்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் சந்தா இன்றி அதிலேயே அடங்குவர். இந்திய நிறுவனத்தின் ஊழியராகவே தொடர்கிறீர்கள் என்றால், பயணக் காப்பீட்டோடு நிறுத்தாமல் முழு மருத்துவக் காப்பீட்டை நிறுவனத்திடம் கேளுங்கள். வீட்டில் யாருக்கு என்ன நோய் இருக்கிறதோ அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்குப் பணம் தருவார்களா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.