ஈராக், ஆப்கன் போர்களில் தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் அமெரிக்கப் பணம் எப்படி வீணானது? கணக்குக் கேட்க ஆள் இல்லையா?

ஆள் இருந்தார்கள், போதுமான அளவு இல்லை. ஒப்பந்தத் தொகை பல மடங்கு பெருகியபோதும் அதைச் சரிபார்க்கும் ஊழியர்கள் அதற்கேற்பக் கூடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த போர்க்கால ஒப்பந்த ஆணையம், இரு நாடுகளிலும் வீணாகவும் மோசடியாகவும் போனது 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று 2011-இல் மதிப்பிட்டது. அந்த இடைவெளியைப் பாருங்கள், கணக்கு எந்த லட்சணத்தில் இருந்தது என்று புரியும்.

பெரிய ஓட்டை ஒப்பந்த முறையிலேயே இருந்தது. ஈராக்கில் முகாம், சாப்பாடு, எரிபொருளைக் கவனித்த கேபிஆர் நிறுவனத்துக்கு ஆன செலவையும் கொடுத்து, அதற்கு மேல் லாபமாக ஒரு கட்டணமும் கொடுத்தார்கள். அப்புறம் யார் சிக்கனம் பார்ப்பார்கள்?

ஆப்கனில் கதையே வேறு. ராணுவச் சரக்கை லாரியில் கொண்டுபோக 216 கோடி டாலர் ஒப்பந்தம். பாதுகாப்பும் லாரிக்காரர்கள் பொறுப்பு. அவர்கள் வழியிலிருந்த ஆயுதக் குழுத் தலைவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கு தாலிபானுக்கும் போயிருக்கலாம் என்றது 2010-இன் நாடாளுமன்றக் குழு அறிக்கை. எதிரிக்கே படியளந்த கதை. துணை ஒப்பந்தக்காரருக்குக் கீழே யார் என்று ராணுவத்துக்கே தெரியவில்லை.

பணத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் கணக்குக் கேட்பது கடினமாக இருந்தது. 2007 செப்டம்பரில் பாக்தாத் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் 17 பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒப்பந்தக்காரர்களுக்கு ஈராக் சட்டத்திலிருந்து விலக்கு இருந்ததால் அந்நாட்டு நீதிமன்றம் தொடவே முடியவில்லை. அமெரிக்காவில் தண்டிக்கப்பட்ட நால்வருக்கும் 2020-இல் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.