96-இல் வைத்தால் சேனல் ஏன் பாதியாகிறது?

கேள்வி: ஹட்டன் பக்கம் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மேடையிலிருந்து 40 சேனல் வேண்டும். மிக்சரில் 64 சேனல் டான்டே கார்டு (நெட்வொர்க் கேபிள் வழியே ஒலியை அனுப்பும் கார்டு) இருக்கிறது. சத்தம் இன்னும் தெளிவாக வரட்டும் என்று சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸிலிருந்து 96-க்கு மாற்றினேன். இப்போது 32 சேனல்தான் காட்டுகிறது. கார்டு பழுதா, கேபிள் பழுதா?

பதில்: இரண்டுமே பழுதில்லை. 48-இல் வைத்தால் ஒலியை விநாடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக மாற்றுகிறது. அப்படி அளந்த ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 24 பிட் என்றால் ஒரு சேனலுக்கே விநாடிக்கு 1.152 மெகாபிட். 96-க்குப் போனால் அது 2.304. உங்கள் கார்டின் சிப் விநாடிக்கு இவ்வளவு சாம்பிள்தான் என்ற அளவோடு வருகிறது. அதனால் 48-இல் 64 சேனல் தருவது 96-இல் 32 தருகிறது. 96-லும் 64 தரும் கார்டுகள் உண்டு, விலை கூட. வாங்கும்போது எந்த ரேட்டில் எத்தனை சேனல் என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிளில் இடம் தாராளமாக இருக்கிறது. கிகாபிட் (விநாடிக்கு 1,000 மெகாபிட்) லைனில் டான்டே 48-இல் போக 512, வர 512 சேனல் கொண்டுபோகும். 96-இல் அதில் பாதி. ஆனால் லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் கதை வேறு. அப்போது 48-இல் 48 சேனல், 96-இல் 24 சேனல்தான். உங்கள் 40 சேனலை 96-இல் அனுப்பினால் ஒலிக்கு மட்டுமே 92 மெகாபிட் போய்விடும்; ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பும்போது ஒவ்வொரு துண்டோடும் (பாக்கெட்) சேரும் தலைப்புத் தகவலுக்கு இடமிருக்காது.

நம் மலைப்பக்கத்தில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில் சுருட்டி வைத்த கேபிளின் பிளக்கில் ஈரம் ஏறிக் களிம்பு பிடிக்கும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி கைவிட்டால் பல நெட்வொர்க் சுவிட்சுகள் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. போர்ட் விளக்கின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், சுவிட்சில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஈதர்நெட் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். டான்டேயின் நேர ஒத்திசைவை அது குழப்பும்.

சரி, உங்களுக்கு 96 வேண்டுமா? திருவிழா மேடைக்கு வேண்டாம் என்பதே என் முடிவு. 48 கிலோஹெர்ட்ஸ் 24 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலியைப் பிடிக்கும். மனிதக் காதோ 20-க்கு மேல் கேட்காது. தப்பு மேளத்தின் வெடிப்பும் நாதஸ்வரத்தின் கூர்மையும் அதற்குள் அடங்கிவிடும். தாமதம் குறையும் என்பார்கள், உண்மைதான். 64 சாம்பிள் தாமதம் 48-இல் 1.33 மில்லிவிநாடி, 96-இல் 0.67. அந்த வித்தியாசத்தில் ஒலி காற்றில் கடப்பது சுமார் 23 சென்டிமீட்டர். மானிட்டர் பெட்டியைப் பாடகருக்கு ஒரு சாண் கிட்ட நகர்த்தினால் அந்த லாபம் கிடைத்துவிடும். மைக் வைக்கும் இடத்துக்குச் செலவிடும் 10 நிமிடம் உங்களுக்கு அதைவிடப் பலன் தரும்.

பதிவு செய்த ஒலியைப் பிறகு மிக மெதுவாக ஓட்டி வேலை செய்பவர்களுக்கு 96 உதவும். ஆனால் 40 சேனலை 3 மணி நேரம் பதிந்தால் 48-இல் சுமார் 62 கிகாபைட், 96-இல் 124. மடிக்கணினியில் டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டு மென்பொருள் வைத்துப் பதிந்தாலும் 48-இல் 64, 96-இல் 32 சேனல்தான் கிடைக்கும்.

எல்லாவற்றையும் 48-க்கே திருப்புங்கள்: மிக்சர், ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையில் மைக்குகளைச் செருகும் பெட்டி), மடிக்கணினி மூன்றையும். ஒன்று மட்டும் 96-இல் நின்றால் அதற்கும் மற்றவற்றுக்கும் இடையே ஒலி போகாது. டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் அந்த இணைப்பு ஏறவே ஏறாது. மாற்றிய பிறகு 40 சேனலையும் மேடையில் ஒருவரை நிறுத்தி ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், அதுவும் திருவிழாவுக்கு முதல் நாளே.