இல்லிரிய ராணி தெயுதா: கேள்வி பதில்

கேள்வி: எப்படி ஆட்சிக்கு வந்தார்?

பதில்: இல்லிரியா அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை நாடு. அதன் அரசரான கணவர் அக்ரோன் கி.மு. 231-இல் இறந்தார். வாரிசு பின்னெஸ், மூத்தாள் மகன், சிறுவன். அவன் பெயரில் தெயுதா ஆண்டார்.

கேள்வி: இல்லிரியர்கள் சின்னப் படகுகளால் போர்க்கப்பல்களை எப்படி வென்றார்கள்?

பதில்: அருமையான கேள்வி. லெம்பஸ் என்பது ஒடுக்கமான, வேகமான துடுப்புப் படகு. சுமார் 50 பேர் ஏறலாம். பெரிய கப்பல் முட்டினால் தாங்காது. அதனால் கி.மு. 229-இல் கிரேக்கத்தின் பாக்சோஸ் தீவருகே நான்கு நான்கு படகாகச் சேர்த்துக் கட்டி, வேண்டுமென்றே விலாவைக் காட்டினார்கள். கிரேக்கரான அக்கேயரின் கப்பலின் முட்டுமூக்கு படகைத் துளைத்துச் செருகிக்கொண்டது; பின்வாங்க வழியில்லை. படகிலிருந்தவர்கள் கூட்டமாக மேல்தளத்தில் ஏறிவிட்டார்கள். நான்கு கப்பல்கள் பிடிபட்டன. ஒன்று ஆட்களோடு மூழ்கியது.

கேள்வி: ரோமத் தூதரைக் கொன்றவர்தானே?

பதில்: யார் எழுதியது என்று முதலில் பாருங்கள். கடலில் தனி ஆட்கள் கொள்ளையடிப்பதைத் தடுப்பது இல்லிரிய அரசர் வழக்கமில்லை என்று ராணி சொன்னதாகவும், எதிர்த்துப் பேசிய இளைய தூதர் கொருங்கானியஸை ஆளனுப்பிக் கொன்றதாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். பிற்கால வரலாற்றாசிரியர் அப்பியன் கணக்கில் தூதர்கள் வரும் வழியிலேயே தாக்கப்பட்டார்கள்; அப்போது அக்ரோன் உயிரோடு இருந்தார்.

கேள்வி: பொலிபியஸ்தானே காலத்தால் முந்தியவர்? அப்பியன் 300 ஆண்டுக்கு மேல் பிந்தியவர் ஆயிற்றே!

பதில்: முந்தியவர்தான், ஆனால் நேரில் கண்டவர் இல்லை. போர் முடிந்து ஏறக்குறைய 30 ஆண்டு கழித்துப் பிறந்தவர், ரோமப் பெருங்குடியினரோடு பழகியவர். பெண்ணுக்கே உரிய குறுகிய பார்வை என்று ராணியைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறார். அந்த அரண்மனை உரையாடலை அப்படியே நம்ப நான் தயாரில்லை. கொலை நடந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கேள்வி: ராணி மேல் போருக்கு வந்த ரோமப் படை எவ்வளவு?

பதில்: 200 கப்பல், 20,000 காலாள், 2,000 குதிரை. கோர்சிரா தீவை (இன்றைய கோர்ஃபு) ராணியின் தளபதி தெமெத்ரியஸே ஒப்படைத்துவிட்டார்.

கேள்வி: குன்றிலிருந்து குதித்து இறந்தாரா?

பதில்: இந்தக் கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. பிற்கால ஊர்க்கதை, பொலிபியஸிடமும் இல்லை, அப்பியனிடமும் இல்லை. ராணி ரிசோன் கோட்டைக்கு ஒதுங்கினார். இன்றைய மொன்டெனேக்ரோவின் ரிசான். கி.மு. 228 வசந்தத்தில் உடன்படிக்கை: கப்பம் கட்ட வேண்டும், நாட்டின் பெரும்பகுதியை விட வேண்டும், லிசஸைத் (இன்றைய அல்பேனியாவின் லெஜா) தாண்டி இரண்டு லெம்பஸுக்கு மேல் போகக்கூடாது, அவற்றிலும் ஆயுதம் இருக்கக்கூடாது.

கேள்வி: கிளியோபாட்ராவோடு ஒப்பிடலாமா?

பதில்: எகிப்து தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: அல்பேனிய 100 லெக் நாணயத்தில் இருப்பது அவர் முகமா?

பதில்: பெயர் அவருடையது. முகம் இன்றைய கலைஞரின் கற்பனை.