தம்புராவுக்கு மாச வாடகையா?

அண்ணா வணக்கம். கும்பகோணம் பக்கம் இருக்கேன், பகல்ல ஒரு கம்பெனிக்கு வீட்ல இருந்தே கோட் எழுதற வேலை. மனைவி பாட்டு கிளாஸ் எடுக்கறாங்க, அவங்ககிட்ட வர்ற பசங்களுக்காக, பாடறப்போ பின்னாடி சுருதி போடற தம்புரா ஆப் ஒண்ணு பண்ணேன், அப்புறம் தாளமும் சேர்த்தேன். 2 வருஷமா ப்ளே ஸ்டோர்ல இலவசமா இருக்கு, தினம் 900 பேர் கிட்ட பயன்படுத்தறாங்க. போன மாசம் விளம்பரத்துல வந்தது 1,100 ரூபா. மாசம் 49 ரூபா சப்ஸ்கிரிப்ஷன் வைடாங்கறாங்க ஃப்ரெண்ட்ஸ். சாதகம் (பாட்டுப் பயிற்சி) பண்ற குழந்தைங்ககிட்ட காசு புடுங்கறதாங்கறாங்க மனைவி. ஐஃபோன்லயும் கேக்கறாங்க. என்ன பண்ணட்டும்?

(பேர் போடவேண்டாம்)

தம்பி,

உங்க ஆப்பை இறக்கி ஒரு வாரம் வீட்ல போட்டுப் பாத்துட்டுதான் எழுதறேன். பொண்ணு காலைல சாதகம் பண்ண உக்காந்தா, முதல் பாடமான சரளி வரிசை முடிச்சு அடுத்த பாடமான ஜண்டைக்குப் போறதுக்குள்ள ஒரு கடன் ஆப் விளம்பரம் சத்தத்தோட வந்து நிக்குது, சுருதி நின்னுபோச்சு, அவளும் எந்திரிச்சுப் போயிட்டா. 1,100 ரூபாயை 900 பேருக்குப் பிரிச்சுப் பாருங்க, ஆளுக்கு மாசம் ஒண்ணேகால் ரூபா கூட தேறல, அந்தக் காசுக்கா தம்புராவை பாதில நிறுத்தறது? மொதல்ல விளம்பரத்தைத் தூக்குங்க. மத்த ஆப்ல விளம்பரம் தொந்தரவுன்னா உங்களுதுல அது பொருளையே கெடுக்குது.

சப்ஸ்கிரிப்ஷனும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். மாசாமாசம் காசு கேக்கணும்னா மாசாமாசம் உங்களுக்கும் ஏதாவது செலவு இருக்கணும், இல்ல புதுசா ஏதாவது குடுக்கணும். உங்க ஆப் நெட் இல்லாமலே ஓடுது, சர்வர் கிடையாது, தம்புராவோட நாலு தந்தியும் அடுத்த மாசமும் அதே ப ஸா ஸா ஸதான். எலக்ட்ரானிக் தம்புரா பொட்டி வாங்கறவங்க சில ஆயிரம் குடுத்து ஒரே தடவைதான் வாங்கறாங்க, அதுக்கு யாரும் வாடகை கட்டல. இன்னொண்ணு, 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் கார்டுல தானா காசு எடுக்கறதுக்கு ரூல் இறுக்குனப்போ எத்தனை பேரோட சப்ஸ்கிரிப்ஷன் பாதில அறுந்துதுன்னு ஞாபகம் இருக்கும். இப்ப யூபிஐ ஆட்டோபே வந்தாச்சுதான், ஆனா உங்க ஆப்புக்குக் காசு கட்டப்போறது அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அவங்க ஆட்டோபேன்னு பாத்தாலே பேக் பட்டனை அமுக்கிடுவாங்க. ஒரே தடவை 300 ரூபா, ஆயுசுக்கும், முடிஞ்சுது.

காசு கட்டினாதான் திறக்கும்னு எதைப் பூட்டறது, இதுலதான் நீங்க யோசிக்கணும். கடிதத்துல கடைசியா, 1 கட்டையும் 2 கட்டையும் (கட்டைன்னா அவங்கவங்க குரலுக்கு ஏத்த சுருதி உயரம்) இலவசம், மத்ததுக்குக் காசுன்னு ஒரு யோசனை எழுதியிருந்தீங்க (நீளம்னு மேல அதை எடுத்துட்டேன்). தயவுசெஞ்சு அதைப் பண்ணிடாதீங்க. பாடறவங்களுக்குத் தேவை ஒரே ஒரு கட்டைதான். 1 கட்டைல பாடற மாமாவுக்கு மொத்த ஆப்பும் சும்மா கிடைக்கும், 5 கட்டைல பாடற பொண்ணுக்கு எதுவுமே கிடைக்காது, அவ அப்பவே டெலீட் பண்ணிட்டுப் போயிடுவா. எல்லா கட்டையும் திறந்தே இருக்கட்டும், ஆதி தாளமும் இருக்கட்டும். வரிசை, அலங்காரம்னு ஆரம்பப் பாடம் தாண்டினவங்களுக்குத் தேவைப்படறதைப் பூட்டுங்க. ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி ராகத்துல 'ப'ங்கற பஞ்சமம் கிடையாது, அங்க வர்றப்போ சிலர் 'ப'வுக்கு பதிலா 'ம' ஒலிக்கற மத்யம சுருதி கேப்பாங்க, அதைப் பூட்டலாம். 7 தாளம், ஒவ்வொண்ணுலயும் ஜாதின்னு 5 வகை, ஆக 35 தாளம் வச்சிருக்கீங்க, நடை (ஒரு தட்டுக்குள்ள வர்ற எண்ணிக்கை) மாத்தற வசதி இருக்கு, கச்சேரிக்கு ரெடி பண்றவங்களுக்கு நுணுக்கமா சுருதி ஏத்தி இறக்கற வசதி இருக்கு, எல்லாம் பூட்டுக்குள்ள போகட்டும். அந்த நெலமைக்கு வந்த பிள்ளை ஒரு வருஷமா உங்க தம்புராவோட உக்காந்திருக்கும், அப்ப 300 ரூபா கேட்டா யாருக்கும் புடுங்கின மாதிரி தோணாது. உங்க வீட்டம்மா கேட்ட கேள்விக்கும் இதான் பதில், அவங்களும் ஃபீஸ் வாங்கித்தானே சொல்லிக்குடுக்கறாங்க!

நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். சீட்டு நடத்தற அக்காமாருக்காக ஒரு கணக்கு ஆப் பண்ணி இலவசமா விட்டேன், ஒரு வருஷம் கழிச்சு விலை போடலாம்னு போனா, ஒரு தடவை இலவசம்னு விட்ட ஆப்பை காசு ஆப்பா மாத்தவே முடியாதுன்னு ப்ளே ஸ்டோர் சொல்லிடுச்சு, வசதிகளை ஆப்புக்குள்ள வச்சுதான் விக்கணும். சரின்னு ஒரே ராத்திரில பாதி வசதியைப் பூட்டினேன், காலைல எந்திரிச்சா ஒத்தை ஸ்டாரா குவிஞ்சு கிடக்கு. அவங்க மேல தப்பே இல்ல. அதனால இன்னிக்கு வரைக்கும் போட்டிருக்கற எல்லாருக்கும் எல்லாமே திறந்து விட்ருங்க, புதுசா வர்றவங்ககிட்ட மட்டும் கேளுங்க.

ஸ்டோர் பிடிக்கற கமிஷன் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. சின்ன டெவலப்பருங்களுக்கு 15 சதவீதம்னு 2021ல கூகுள், ஆப்பிள் ரெண்டு கடையிலயும் கொண்டு வந்தாங்க, ஆனா நாமளாப் போய் பதியணும், பேசாம இருந்தா 30 போயிடும். 15ன்னா 300ல 255 உங்க கைக்கு. வரிக்கு ஒரு தடவை ஆடிட்டரைப் பாத்துடுங்க. நாட்டுக்கு நாடு வேற விலை வைக்கலாம், அமெரிக்காவுக்கு 9.99 டாலர் போடுங்க, அங்க அவங்க கட்டற பாட்டு கிளாஸ் ஃபீஸுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

ஐஃபோன் கொஞ்சம் பொறுக்கட்டும். கூகுள்ல ஒரே தடவை 25 டாலர் கட்டினதோட சரி, ஆப்பிள்ல வருஷா வருஷம் 99 டாலர், நம்ம காசுக்கு எட்டாயிரத்துக்கு மேல. ஐஃபோன்ல கேக்கறவங்க பாதிப் பேர் வெளிநாட்லதான் இருப்பாங்க, அதனால கட்டாயம் போடத்தான் வேணும், ஆனா ஆண்ட்ராய்டுல 50 பேராவது காசு குடுத்து வாங்கினப்புறம் அந்தக் காசுல போடுங்க.

எப்ப ஆரம்பிக்கறதுன்னா விஜயதசமிக்கு. மார்கழில எல்லாரும் கச்சேரி கேக்கப் போவாங்க, புதுசா கத்துக்க சேர்றது விஜயதசமி அன்னிக்குதான். விக்கறதும் ஸ்டோர் கிடையாது, பாட்டு டீச்சர்தான். "இதைப் போட்டுக்கோ"ன்னு ஒரு டீச்சர் சொன்னா 30 வீட்ல இறங்கும். டீச்சர்ங்களுக்கு எல்லாத்தையும் சும்மா குடுங்க, கமிஷன் கிமிஷன்னு அசிங்கப்படுத்தாம.

காசு வாங்க ஆரம்பிச்சா உங்க முழு அட்ரஸும் ஸ்டோர் பக்கத்துல எல்லாருக்கும் தெரியற மாதிரி வரும், வீட்ல பேசிட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் 5 கட்டைல பஞ்சமம் ஸ்ட்ரிங் லேசா அலை அடிக்குதுன்னு பொண்ணு சொல்றா. கீபோர்டு கணக்குல போட்டிருக்கீங்களோ என்னமோ, ஸ 2 தடவை அதிர்றதுக்குள்ள பஞ்சமம் 3 தடவைன்னு சுத்தமா இருக்கணும், கீபோர்டு பஞ்சமம் அதுக்கு 2 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கற சின்ன அளவு) கீழ நிக்கும். காசு கேக்கறதுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணிடுங்க.