சரிவு நிலத்தில் பூப்பாத்தி: நுகர்வோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலை ஊர்களிலிருந்து வந்தவை. பழைய பங்களாக்களின் முன்னால் ஹைட்ரேஞ்சியா, டெய்சி, ஜெரேனியம் எல்லாம் கலந்து பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு தோட்டத்தைத் தங்கள் வீட்டுச் சரிவிலும் அமைக்க முற்பட்டவர்கள் எழுதியவை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி (வாசகி, குன்னூர்): வீட்டின் பின்புறச் சரிவை மூன்று மேடைகளாக வெட்டி, ஐந்தடி உயரத்தில் ஹாலோ பிளாக் தடுப்புச் சுவர்கள் கட்டி, செடியும் நட்டுத் தருவதாக ஓர் ஒப்பந்தக்காரர் 2,80,000 ரூபாய் பெற்றார். ஐப்பசி மழையில் நடுச் சுவர் வயிறு தள்ளிச் சாய்ந்துவிட்டது. "மழைக்கு நான் பொறுப்பா?" என்று கேட்கிறார்.

பதில்: பொறுப்புத்தான் அம்மா. குன்னூரில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டும் என்பது அங்கே சுவர் கட்டிப் பிழைப்பவருக்குத் தெரியாத செய்தி அன்று. சரிவில் நிற்கும் சுவரைப் பெரும்பாலும் தள்ளிச் சாய்ப்பது அதன் முதுகுக்குப் பின்னால் தேங்கும் நீர். அதனால்தான் சுவரின் மேட்டுப் பக்கம் ஜல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் வைத்து, சுவரிலும் சில அடிகளுக்கு ஒன்றாக நீர் கசியும் துளைகள் விட்டு, சுவரை மலைப் பக்கமாகச் சற்றே சாய்த்துக் கட்டுவார்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒரு துளையும் கண்ணில் படவில்லை. பிளாக்குகளின் இணைப்புகளில் மட்டும் செம்மண் நீர் வழிந்த கோடுகள் தெரிகின்றன; நீர் வெளியேற வழி தேடியிருப்பதற்கு அதுவே சாட்சி.

சுவரை இப்போதைக்கு இடிக்காதீர்கள், அவரே வந்து பூசி மறைக்கவும் விடாதீர்கள். தேதியுடன் படங்கள் எடுத்து, அவருக்குத் தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை பெற்று, பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சேவைக் குறைபாடு என்று உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து வையுங்கள். சுவர் மேலும் சாய்ந்து கீழ் வீட்டாருக்கு ஆபத்து என்று பொறியாளர் சொன்னால் மட்டும், அதையும் அறிக்கையில் எழுதி வாங்கிக்கொண்டு உடனே இறக்கிவிடுங்கள்.

கேள்வி (வாசகர், கோத்தகிரி): இளஞ்சிவப்பு ஹைட்ரேஞ்சியா என்று சொல்லி ஒரு நர்சரி எட்டுச் செடிகளை விற்றது. மறு பருவத்தில் எல்லாம் நீலமாகப் பூத்தன. இது மோசடிதானே?

பதில்: இல்லை. நீலகிரியின் மண் புளிப்புத் தன்மை உடையது. அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குள் செல்வதால் பூ நீலமாகிறது; சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். நிறம் அப்படியே வேண்டுமென்றால் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடி கலந்த மண்ணில், தொட்டியில் வளர்க்கலாம், அல்லது மாறாத வெள்ளை வகையை வாங்கலாம். மலையிலேயே தொழில் செய்யும் அந்த நர்சரிக்காரர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்ற உங்கள் வருத்தம் நியாயமே. வழக்குக்கு அது போதாது.

கேள்வி (வாசகி, சேலம்): இணையத்தில் நீல ரோஜா விதை 50 வாங்கினேன். முளைத்தவை எல்லாம் ஏதோ களைகள்.

பதில்: வானத்து நீலத்தில் ரோஜாவே கிடையாது, விரும்பும் ரோஜா விதையிலிருந்தும் வராது; பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி (வாசகர், ஊட்டி அருகில்): மேடைகளை நிரப்ப நான்கு லோடு செம்மண்ணும் இரண்டு லோடு எருவும் வாங்கினேன். பாதி மேடைகூட நிரம்பவில்லை. பில்லும் இல்லை. அளவு குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இந்த 'லோடு' என்ற அளவைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சினம் தீர்வதில்லை. அரிசியைக் கிராம் கணக்கில் நிறுத்து வாங்கும் நாம், பல்லாயிரம் ரூபாய் மண்ணை மட்டும் வண்டியின் பெயரைச் சொல்லி வாங்குகிறோம். வண்டிக்கு வண்டி தொட்டியின் நீளம் வேறு, பக்கப் பலகையின் உயரம் வேறு, ஓட்டுநர் நிரப்பும் மட்டமும் வேறு. மண்ணுக்கும் மணலுக்கும் வழக்கத்தில் உள்ள அளவு யூனிட்; ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டி வாசலில் நிற்கும்போதே, மண்ணைக் கொட்டுவதற்கு முன்பு, தொட்டியின் உள் நீளம், உள் அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து பெருக்குங்கள். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மண்ணின் உயரம் இரண்டரை அடி என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். "ரெண்டு யூனிட் வண்டி சார்" என்று அவர் சொன்னால், அரை யூனிட்டுக்கான பணத்தைக் குறைத்துக் கொடுங்கள். நாடாவைக் கையில் எடுத்தவுடனேயே பேச்சின் தொனி மாறுவதைக் காண்பீர்கள்.

மூலைகளிலும் மண்ணின் உயரத்தை அளக்க மறக்காதீர்கள். நடுவில் கோபுரமாகக் குவித்து ஓரங்களில் தாழ விடுவது பழைய வித்தை. உங்கள் தேவையையும் இதே கணக்கில் முன்னதாகவே போடுங்கள். 20 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள பாத்தியில் முக்கால் அடி ஆழத்துக்கு மண் வேண்டுமென்றால் 60 கன அடி. கொட்டிய மண் மழையில் அமுங்கும் என்பதால் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் தரம் இருக்க வேண்டும் அல்லவா? வீடு கட்ட அடித்தளம் தோண்டிய இடத்திலிருந்து வரும் அடிமண்ணையே பலர் தோட்ட மண் என்று விற்கிறார்கள். பார்வைக்குச் சிவந்து அழகாக இருக்கும் அதில் செடிக்கு ஆகாரம் இராது. ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மண்ணும் பாதி நீருமாகக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். அடியில் மணலும் அதன்மேல் வண்டலும் களிமண்ணும் படிந்து, நீரின் மேல் கருமையான மக்குத் துணுக்குகள் மிதந்தால் அது மேல்மண். நீர் முழுவதும் மஞ்சளாகக் கலங்கியே நின்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

பில் தர மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்த பின்பு கேட்டுப் பயனில்லை. கொடுப்பதற்கு முன்பு கேளுங்கள்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர், ஊட்டியில் வீடு உள்ளவர்): மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வந்தபோது சாலையோரக் கடையில் பூத்திருந்த செடிகளாகப் பார்த்து 60 வாங்கிச் சரிவில் நட்டோம். ஆகஸ்ட்டில் வந்து பார்த்தால் ஒன்பதுதான் மிஞ்சியுள்ளன. கடைக்காரரிடம் நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

பதில்: என்ன சொல்லிக் கேட்பீர்கள் ஐயா? பாத்தி வெட்டாமல், நீர் போகும் வழி பார்க்காமல், தென்மேற்குப் பருவமழை தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது வெறும் சரிவில் 60 செடிகளை நட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர் நீங்கள். அவை பூத்திருந்ததே உங்களை எச்சரித்திருக்க வேண்டும். சமவெளியிலோ நிழல்வலைக்குள்ளோ வேகமாக வளர்த்துப் பூக்கவைத்த செடிக்கு வேர் குறைவு, மலைக் குளிர் புதிது. அடுத்த முறை பூக்காத, அடித்தண்டு தடித்த, மலையிலேயே வளர்ந்த செடியை அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலோ உள்ளூர் நர்சரிகளிலோ வாங்குங்கள். பையைச் சற்றே விலக்கி வேரைக் காட்டச் சொல்லுங்கள்: சுருண்டு சுற்றிய பழுப்பு வேராக இருந்தால் வேண்டாம். "மலைக்குத் தாங்கும்" என்ற சொல்லை நம்பி நானும் ஒரு தட்டு லாவெண்டர் வாங்கியிருக்கிறேன். குளிரைத் தாங்கிய அது, ஆடி மாத ஈரத்தில் அழுகிப்போயிற்று.

திட்டமிடுவதற்கு முன்பு ஊட்டி ரோஜாப் பூங்காவை ஒரு முறை சுற்றி வாருங்கள். எல்க் மலையின் சரிவில் 1995இல் ஐந்து மேடைகளாக அமைத்த தோட்டம் அது. ரோஜாவை விட்டுவிட்டு, மேடைகள் சரிவுக்குக் குறுக்காக வளைந்து செல்வதைக் கவனியுங்கள். உங்கள் நிலத்தில் நான்கடிக்கு ஓரடி இறக்கம் இருந்தால், நான்கடி அகலமான பாத்திக்கு ஓரடிக் கல்வரிசை போதும்; இரண்டடிக்கு ஓரடி என்றால் அதே பாத்திக்கு இரண்டடிச் சுவர் வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். ஆகவே செங்குத்தான சரிவில் பாத்தியின் அகலத்தைக் குறையுங்கள். மட்டம் பார்க்க நான் விலை கொடுத்து வாங்கிய லேசர் கருவியின் கோடு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. கொத்தனார் பயன்படுத்தும், நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் அதைவிட நன்றாக உழைக்கிறது.

பாத்தியை மலைப் பக்கமாக மிகச் சிறிது தாழ்த்தி, அந்த ஓரத்தில் வாய்க்கால் விட்டு, அதைக் கல் பாவிய பக்க வடிகாலில் சேர்த்துவிடுங்கள். வடிகால் இல்லாமல் உள்பக்கம் தாழ்த்தினால் நீர் அங்கேயே இறங்கி மேடையைச் சரித்துவிடும். விரைவில் காயும் மேல் மேடைகளில் ஜெரேனியமும் டெய்சியும் நிற்கும். ஈரம் தங்கும் கீழ்ப்பகுதி ஹைட்ரேஞ்சியாவுக்கு ஏற்றது. அகபாந்தஸ் தன் தடித்த வேர்களால் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் குளிர்காற்று நீரைப் போலவே சரிந்து இறங்கி அடியில் தேங்குவதால், கீழ் எல்லையை அடர்ந்த வேலியால் அடைக்காமல் ஓர் இடைவெளி விடுங்கள். ஃபியூஷியாவை அங்கே நடாதீர்கள், உறைபனியில் கருகிவிடும்.

கேள்வி (வாசகர், ஏற்காடு): சொட்டுநீர்க் கருவி வாங்கினேன். மேல் பாத்தி காய்கிறது, கீழ்ப் பாத்தி சேறாகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி பழுதில்லை, இடத்துக்குப் பொருந்தவில்லை. பத்து மீட்டர் இறங்கினால் குழாயில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். உங்கள் தொட்டி மேல் பாத்தியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திலும், கடைசிப் பாத்தி அதற்கு ஐந்து மீட்டர் கீழேயும் இருப்பதாக எழுதியுள்ளீர்கள். அப்படியானால் கீழுள்ள சொட்டுவான்கள் மேலுள்ளவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக நீர் விடும். குழாய்களைச் சரிவோடு இறக்காமல் குறுக்காக ஓட்டி, ஒவ்வொரு மேடைக்கும் தனி வால்வு வையுங்கள். அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டுவான் என்று விலையுயர்ந்த வகையை யாராவது விற்க வந்தால், அது வேலை செய்யக் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் தொட்டி உயரத்துக்கு அது வேலை செய்யாமலே போகலாம்.

கேள்வி (வாசகி, கொடைக்கானல்): சரிவில் விரிக்கும் கயிறு வலை 700 கிராம் தரம் என்று விற்றார்கள். மெலிதாகத் தோன்றுகிறது.

பதில்: அந்த எண் ஒரு சதுர மீட்டரின் எடை. 400, 700, 900 என்ற தரங்களில் தென்னை நார் வலை வருகிறது. நன்கு காய்ந்த வலையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 450 கிராம் காட்டினால் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகமே. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள் உங்களுக்கு உண்டு.

கேள்வி (வாசகர், குன்னூர்): ஒரே நாளில் ஜேசிபி வைத்துச் சரிவைச் சமன்செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர், விலையும் மலிவு. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்தை இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். 2009 நவம்பரில் அம்மாவட்டத்து மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின்பும் இப்படி இரவோடு இரவாக வெட்டித் தருபவர்களுக்கு வாடிக்கையாளர் கிடைப்பது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி (வாசகி, கோத்தகிரி): காட்டுமாடு தின்னாத செடிகள் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தின்னாது, மிதிக்கும். அந்தப் பணத்தை வேலிக்குச் செலவிடுங்கள்.