மார்பகப் புற்றுக் கட்டியின் ஓரத்தில் மட்டும் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) சாயம் ஏறினால்

மாஸ்டெக்டமியில் (மார்பகத்தை அகற்றும் அறுவையில்) எடுத்த கட்டியின் ஸ்லைடில் ஓரம் சாயம் ஏறிப் பழுப்பாகவும் நடு சாயம் ஏறாமல் வெறும் நீலமாகவும் இருக்கிறது என்கிறீர்கள். அந்த பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) வைத்து ஈ.ஆர். நெகட்டிவ் என்று ரிப்போர்ட் கொடுத்துவிடாதீர்கள். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் உள்ளே போய்ச் சேருமுன்பே நடுத்திசு கெட்டிருக்கலாம். வெட்டாமல் ஜாடியில் போட்ட மார்பகத்தில் இது அடிக்கடி நடக்கும்.

அதே ஸ்லைடின் நடுவில் இயல்பான பால்நாளம் இருக்கிறதா, பாருங்கள். இயல்பான நாளத்தில் சில உட்கருக்களாவது பழுப்பாக வேண்டும்; ஒன்றுகூடப் பழுப்பாகவில்லை என்றால் அந்த முடிவை நம்பமுடியாது. அறுவைக்கு முன் ஊசியால் எடுத்த கோர் பயாப்சி பிளாக்கில் ஈ.ஆர். சாயத்தைத் திரும்பப் போடுங்கள்.

அடுத்த முறை, அகற்றிய 1 மணி நேரத்துக்குள் கட்டியின் குறுக்கே 5 மி.மீ. இடைவெளியில் கீறி, நடுவே காஸ் துணி செருகி, 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வையுங்கள்.

ஆன்டிஜன் ரிட்ரீவல் (ஃபார்மலின் மறைத்த ஆன்டிஜனை, அதாவது சாயம் பிடிக்கும் புரதத்தை, மீண்டும் வெளிக்கொணர்வது) நேரத்தைக் கூட்டுவது ஃபார்மலினில் அதிகம் ஊறிய திசுவுக்குத்தான் உதவும். அழுகிய திசுவில் போன ஆன்டிஜன் திரும்பாது.