கேளுங்கோ, சொல்லுறன்: உருண்டை அடிப் பானை

(வாசகர் கேள்விகளுக்கு இம்முறை பதில் தருபவர், முல்லைத்தீவுப் பக்கத்தில் சட்டி பானை தட்டும் ஓர் அம்மா.)

பெண்கள் கையால் தட்டிய பானை ஒன்று வாங்கினேன். அடி உருண்டை, காஸ் அடுப்பில் ஆடுகிறது. தட்டையாகச் செய்தால் என்ன?
வாசகி, கிளிநொச்சி

செய்யலாம் பிள்ளை, பிறகு நீங்களே என்னைப் பேசுவியள். தட்டை அடியில சுவர் வந்து சேருற மூலை இருக்கெல்லே, சூட்டுக்கு முதல் வெடிக்கிறது அதுதான். உருண்டையில மூலை இல்லை, சூடு ஒரேமாதிரி ஏறும்.

சக்கரத்தில இருந்து அறுத்தெடுக்கேக்க பானைக்கு அடியே இராது, ஓட்டைதான். வாயும் கழுத்தும் மட்டும் முடிஞ்சிருக்கும். நிழலில கொஞ்சம் இறுக விட்டு, உள்ளுக்கு ஒரு கல்லைப் பிடிச்சுக்கொண்டு, வெளியால பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடுறது. சாம்பல் தடவாட்டி மண் பலகையோட வந்திடும். எங்கட வீட்டில சக்கரம் சுத்துறது அவர், தட்டுறது நானும் மச்சாளும். சந்தையில "சக்கரத்தில செய்ததோ?" எண்டு கேப்பினம். தட்டினவளை ஆர் கேக்கினம்!

ஆடாமல் இருக்க அடுப்பில ஒரு இரும்பு வளையம் வையுங்கோ. புதுப்பானையை இரவிரவா ஊறப்போட்டு, முதல்ல அரிசிக்கஞ்சி காய்ச்சுங்கோ; கஞ்சிப்பசை மண்ணில இருக்கிற சின்னத் துளையளை அடைக்கும். சூடான சட்டிக்குள்ள பச்சைத்தண்ணி ஊத்தாதேங்கோ. சவுக்காரமும் வேண்டாம், மண் அதையும் குடிச்சு வைச்சிருந்து மீன்குழம்புக்குள்ள விடும். தும்பும் சாம்பலும் காணும்.

பானையில் ஒரு பக்கம் கறுப்பாக இருக்கிறது. வேகாததா?
வாசகர், மாங்குளம்

இல்லைத் தம்பி. சூளையில காத்துப் போகாத பக்கம் புகை பிடிச்சுக் கறுக்கும். விரலால சுண்டிப் பாருங்கோ. 'டங்' எண்டால் வெந்தது. அடைச்ச சத்தம் கேட்டால் வெடிப்பு, இல்லாட்டி வேகேல்லை. எங்கட பானையெண்டாலும் விட்டிட்டுப் போங்கோ.

தைப்பொங்கல் நேரம் நல்ல பானை கிடைப்பதில்லையே, ஏன்?
வாசகி, வவுனியா

மாரிதான் காரணம். ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் பச்சைப்பானை காயாது. ஈரத்தோட சூளையில வைச்சால் உள்ளுக்க இருக்கிற தண்ணி ஆவியாகி, பானை படாரெண்டு வெடிக்கும். குளம் நிரம்பினால் களியும் எடுக்கேலாது. வட்டாப்பளை அம்மன்ர வைகாசிப் பொங்கலுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, வெயில் கொளுத்தும். தைக்கு வேணுமெண்டால் ஆவணியிலயே சொல்லிவையுங்கோ. விலையை மட்டும் குறைக்கச் சொல்லாதேங்கோ.